காது கேளாதோர் பட்டியல்

எழுபதுகளின் நடுவில் ஒரு மத்தியானம், என்னை நம்பியிருந்த ஒரு மனிதரிடம் நான் பொய் சொன்னேன். அவருக்குக் காது சரியாகக் கேட்காது. தொழிற்சாலையில் நடப்பதெல்லாம் என் வாய் வழியாகத்தான் அவருக்குப் போய்ச் சேரும். அவர் பிழைப்புக்கே தேவையான ஒரு செய்தியை, தெரிந்தே, சொல்லாமல் விட்டேன். மறதி இல்லை. இப்போது எனக்கு எண்பது தாண்டிவிட்டது. இத்தனை வருஷங்களில் எனக்கு நானே பல சமாதானங்கள் சொல்லிப் பார்த்தேன். எதுவும் நிற்கவில்லை. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

செங்கல்பட்டுக்கு வடக்கே ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டி எங்கள் தொழிற்சாலை இருந்தது. முழு விமானம் அங்கே செய்வதில்லை. வால் பகுதிக்கான தகடுகள், கதவுகள், இறக்கைக்குள் வரும் சட்டங்கள் ஆகியவற்றைச் செய்து, மரப்பெட்டியில் அடைத்து வெளியூருக்கு அனுப்புவோம். அங்கே வேலை பார்த்த யாரும் விமானத்தில் ஏறியவர்கள் இல்லை. மீனம்பாக்கத்தில் இறங்கப் போகிற விமானம் தலைக்கு மேல் போனால், "நம்ம கதவு போவுது பாரு" என்று யாராவது சொல்வார்கள். அவ்வளவுதான்.

நான் பி.ஏ. படித்துவிட்டு, வேறு வேலை கிடைக்காமல், அங்கே இன்ஸ்பெக்ஷன் பிரிவில் சேர்ந்திருந்தேன். தகடுகளை இணைக்கும் தலைதட்டிய ஆணிக்கு ரிவிட் என்று பெயர்; அதை அடித்து முடித்த தகட்டைச் சோதித்து, சரியாக இருந்தால் என் எண் பொறித்த முத்திரையைச் சீட்டில் குத்த வேண்டும். என் மேஜை ரிவிட் ஷெட்டுக்குள்ளேயே இருந்தது. அந்தச் சத்தத்தை எழுத்தில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. முதல் மாதம், வீட்டுக்குப் போன பிறகும் அது தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு பழகிவிட்டது. பழகிவிட்டது என்று நாங்கள் எல்லோரும் சொன்னதற்குப் பாதிப் பேர் விஷயத்தில் வேறு அர்த்தம் இருந்தது என்பது பின்னால்தான் தெரிந்தது.

ரிவிட் அடிப்பதற்கு இரண்டு பேர் வேண்டும். தகட்டின் முன்னால் ஒருவர் காற்றில் ஓடும் துப்பாக்கியைப் பிடித்து அடிப்பார். பின்னால் இன்னொருவர் டாலி என்கிற இரும்புக் கட்டியை ரிவிட்டின் வாலில் அழுத்திப் பிடிப்பார். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. டாலிக்காரர் தகட்டில் ஒரு தட்டுத் தட்டினால் இன்னும் அடி என்று பொருள். இரண்டு தட்டு என்றால் போதும், அடுத்ததற்குப் போ. நான் சொல்லும் மனிதர் துப்பாக்கிக்காரர். மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு மீனவக் குப்பத்துக்காரர். தகட்டில் இடது உள்ளங்கையை விரித்து வைத்துக்கொண்டுதான் அடிப்பார். அது அவருடைய பாணி என்று எல்லோரும் நினைத்தார்கள். நானும் நினைத்தேன்.

ஒருநாள் போர்மன் அவருக்குப் பின்னால் நின்று மூன்று முறை கூப்பிட்டார். துப்பாக்கி ஓடவில்லை, ஷெட்டில் சத்தமும் குறைவு. அவர் திரும்பவில்லை. நான் எழுந்து போய் அவர் முழங்கையைத் தொட்டேன். அன்று சாப்பாட்டு நேரத்தில் என் எதிரே வந்து உட்கார்ந்தார்.

"உனக்குத் தெரிஞ்சுபோச்சு, இல்ல?"

நான் தலையாட்டினேன்.

"வெளிய வுட்றாத வாத்தியாரே. செவுடுன்னு தெரிஞ்சா சீட்டக் கிழிச்சுருவானுங்க. தகட்டுல தட்றது கையில தெரியுது. அது போதும் எனக்கு."

"மத்தவங்க பேசறது?"

"வாயப் பாத்துக்குவேன். உன் வாயி நல்லாப் புரியுது. மத்தவனுங்க வெத்தல மென்னுகினே பேசறானுங்க, எழவு, எவன் வாயப் பாக்குறது?"

அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். நான் அவரை அண்ணே என்பேன். அன்றிலிருந்து நான் அவருக்குக் காது. போர்மன் கூப்பிட்டால் நான் மேஜையிலிருந்து எழுந்து நிற்பேன். அவர் திரும்பிப் பார்ப்பார். கூட்டத்தில் யாராவது வேடிக்கையாகப் பேசினால், அவர் என் முகத்தைப் பார்த்து, நான் சிரிக்கும்போது சிரிப்பார். சில சமயம் மற்றவர்கள் முடித்த பிறகும் சிரித்துக்கொண்டிருப்பார். நான் நிறுத்தினால்தான் நிறுத்துவார்.

என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும். செய்யூர்ப் பக்கம் சொந்த ஊர். அம்மா, அப்பா இரண்டு பேரும் போய்விட்டார்கள். கூடப் பிறந்த அண்ணன் ஊரில் நிலத்தோடு இருந்துவிட்டார், கடிதம் எழுதுவதில்லை. செங்கல்பட்டில் ஏரிப் பக்கம் ஓர் அறையில் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் பொழுது போய்விடும். திங்கட்கிழமை காலையில் டீக்கடையில் வாய் திறந்தால் குரல் கம்மியிருக்கும். அப்படிப்பட்டவனுக்கு, என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு மனிதர் கிடைத்தார். பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் திருக்கழுக்குன்றம் வழியாகப் பஸ் பிடித்து அவர் குப்பத்துக்குப் போக ஆரம்பித்தேன். அவர் மனைவி மீன் விற்பவர், பெரிய குரல். "வாங்க வாத்தியாரே, உங்க கூட்டாளி மணல்ல படுத்துகினு கீறாரு, போய் எழுப்புங்க. நான் கத்துனா எழுந்துக்க மாட்டாரு" என்பார். புருஷன் சோம்பேறி என்று நினைத்துக்கொண்டிருந்தார் அப்போது.

சங்கத்துக்கு மாதம் ஒரு செய்தித்தாள் உண்டு. நான்கு பக்கம். அதை எழுதுவது என் பொறுப்பு. ஸ்டென்சில் தாளில் கையால் எழுதி, சைக்ளோஸ்டைல் இயந்திரத்தில் உருட்டி எடுப்போம். விரலெல்லாம் மசி. செருப்பு, சோப்பு, பெயின்ட் பிரிவுக்குப் பால், கேன்டீன் மோரில் தண்ணீர் என்று எல்லாம் அதில் வரும். படிக்கத் தெரியாதவர்கள் பலர் இருந்ததால், ஷிப்ட் மாறும் நேரத்தில் கேட்டுக்கு வெளியே சிமெண்டு மேடையில் ஏறி நானே முழுவதும் படித்துக் காட்டுவேன். அண்ணன் மேடைக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பார். உயரத்தில் நின்று வேகமாகப் படிக்கும்போது என் வாய் அவருக்குப் பிடிபடாது. கூட்டம் கலைந்ததும் எதிரே நின்று மறுபடி சொல்வேன்.

அந்த வருஷம் சங்கம் ஓர் ஒப்பந்தம் போட்டது. பல மாதம் இழுபறிக்குப் பிறகு கிடைத்தது. அதில் ஒரு ஷரத்து: ரிவிட் ஷெட்டில் வேலை பார்த்துக் காது கெட்டவர்கள் இரண்டு மாதத்துக்குள் பெயர் கொடுத்தால், டாக்டர் சோதனைக்குப் பிறகு சத்தமில்லாத பிரிவுக்கு மாற்றப்படுவார்கள். சம்பளம் குறையாது. சர்வீஸ் தொடரும். வேலையை விட்டு நீக்க முடியாது. காதுக் கருவி நிர்வாகச் செலவு. இதை வாங்குவதற்காக எங்கள் செயலாளர், கடைசல் பிரிவில் இருந்த தடித்த மனிதர், பேச்சுவார்த்தை மேஜையில் கையை ஓங்கி அடித்தார் என்று அப்போது பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள்.

அந்தச் செய்தியை ஸ்டென்சிலில் எழுதியவன் நான். மேடையில் படித்தவனும் நான். காது கேளாதவர்களுக்கான சலுகையை வாயால் படித்து அறிவித்தோம். அதில் இருந்த கோளாறு அன்று யாருக்கும் உறைக்கவில்லை. எனக்கு உறைத்தது. நான் சும்மா இருந்தேன்.

கூட்டம் கலைந்தது. அண்ணன் எதிரே வந்து நின்றார்.

"இன்னா படிச்ச?"

"ஒண்ணும் இல்ல அண்ணே. கேன்டீன் விஷயம். சைக்கிள் ஷெட்டுக்குக் கூரை."

"அதுக்கா இம்மா நேரம் வாயாட்டிகினு இருந்த?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

ஏன் என்று கேட்டால் இதுதான் பதில். சத்தமில்லாத பிரிவு என்பது பெட்டி கட்டும் இடம். தொழிற்சாலையின் மறுகோடியில் இருந்தது. வேறு ஷிப்ட், வேறு சாப்பாட்டு நேரம். அங்கே போய்விட்டால் அவரை நான் பார்க்கவே முடியாது. காதில் கருவி வந்துவிட்டால் என் வாயும் தேவைப்படாது. படிக்கும்போதே, மூச்சு விட நிறுத்திய ஓர் இடத்தில், இது முழுவதும் எனக்குப் புரிந்துவிட்டது. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். மறுநாளும் அப்படியே நினைத்தேன். இரண்டு மாதத்தில் எத்தனை நாளைக்கு அப்படி நினைக்க முடியும் என்பதை நான் கண்டிருக்கிறேன். கடைசி நாள் சாயங்காலம் சங்க அறையில் செயலாளர் பட்டியலை மூடினார். ஒன்பது பேர் பெயர் இருந்தது. "இன்னும் யாராவது கீறாங்களா, வாத்தியாரே? நீ அந்த ஷெட்டுலதானே கீற?" என்று கேட்டார். "எனக்குத் தெரிஞ்சு இல்ல" என்றேன்.

அண்ணனுக்குக் காது மந்தம் என்று என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. அந்த ரகசியத்தை நான் அவ்வளவு நன்றாகக் காப்பாற்றியிருந்தேன்.

அடுத்த வருஷத் தொடக்கத்தில் எனக்குக் காய்ச்சல். நான்கு நாள் வேலைக்குப் போகவில்லை. அந்த நான்கு நாளில் ஒருநாள் தீயணைப்பு ஒத்திகை வைத்தார்கள். சங்கு ஊதியது. எல்லோரும் கருவிகளைப் போட்டுவிட்டு வெளியே ஓடி வரிசையில் நின்றார்கள். டாலிக்காரரும் பழக்கத்தில் ஓடிவிட்டார். வெளியே தலை எண்ணிக்கொண்டிருக்கும்போது, காலி ஷெட்டுக்குள்ளிருந்து ஒரே ஒரு துப்பாக்கியின் சத்தம் கேட்டதாம். மானேஜர் உள்ளே போய்ப் பார்த்தபோது அண்ணன் தகட்டில் இடது கையை வைத்துக்கொண்டு அடித்துக்கொண்டிருந்தார். பின்னால் தட்டு வராததால், தானே குனிந்து பின்பக்கம் பார்ப்பதும் மறுபடி அடிப்பதுமாக இருந்தாராம். இதை எனக்குச் சொன்னவர் சிரித்துக்கொண்டே சொன்னார்.

குறையை மறைத்தார் என்று அவருக்கு நோட்டீஸ் வந்தது. பட்டியலில் பெயர் இருந்தால் பாதுகாப்பு இருந்திருக்கும். இல்லாததால் ஒன்றும் செய்ய முடியவில்லை. பாதுகாப்பு விதியைக் காட்டி ராஜினாமா எழுதி வாங்கிக்கொண்டார்கள். அவர் கட்டைவிரல் ரேகை வைத்தார்.

கேட்டுக்கு வெளியே டீக்கடையில் நான் அவரைப் பார்த்தேன். பட்டியல் விஷயம் அதற்குள் அவருக்குத் தெரிந்திருந்தது. யாரோ காதருகே கத்திச் சொல்லியிருக்கிறார்கள். அவர் என் முகத்தைப் பார்த்தபோது, இதோ கேட்கப் போகிறார் என்று நினைத்தேன்.

"நீ சொல்லிகினுதான் இருந்திருப்ப வாத்தியாரே. என் காதுலதான் வுழல. போயும் போயும் அதுவா வுழாம போவணும்? நீ இன்னா பண்ணுவ, வுடு" என்றார். என் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் பஸ் ஏறப் போனார்.

அவர் அன்று சந்தேகப்பட்டிருந்தால் நான் இன்னொரு பொய் சொல்லித் தப்பித்திருப்பேன் என்று நினைக்கிறேன். அவர் என்னைத் தேற்றியதைத்தான் தாங்க முடியவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை குப்பத்துக்குப் போனேன். வழியெல்லாம் பஸ்ஸில் வார்த்தைகளைக் கோத்துக்கொண்டு போனேன். மெதுவாக, தனியாக, அவரை ஓரமாக அழைத்துப் போய்ச் சொல்வதாகத் திட்டம். அங்கே போன பிறகுதான், படிக்கத் தெரியாத, காது கேட்காத ஒருவரிடம் எதையும் ரகசியமாக ஒப்புக்கொள்ள முடியாது என்று தெரிந்தது. முன்பெல்லாம் என் வாயைப் பார்த்தே புரிந்துகொள்வார். அன்று எனக்கு உதடு நடுங்கியது. அவருக்குப் பிடிபடவில்லை. "இன்னா? கத்திச் சொல்லு" என்றார். அலைச் சத்தம் வேறு. கட்டுமரங்கள் வந்து இறங்கிய நேரம். பெண்கள் கூடைகளோடு நின்றார்கள்.

"உங்க காதுல வுழாம இல்ல! நான்தான் சொல்லல! வேணும்னே சொல்லல!"

பக்கத்தில் மீன் பிரித்துக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்தினார்கள்.

"இன்னா?" என்றார் மறுபடி.

இன்னொரு முறை கத்தினேன். மூன்றாவது முறையும் கேட்டார். முதல் முறையே அவருக்குப் புரிந்துவிட்டது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. முகம் அப்படி இருந்தது. ஆனாலும் மூன்றாவது முறையும் கத்தினேன்.

அவர் மனைவி கூடையை இறக்கிவைத்துவிட்டு வந்தார். "இன்னாத்துக்கு? எம்புருசன் உனக்கு இன்னா பண்ணாரு?"

"அவரு வேற எடத்துக்குப் போயிட்டா எனக்குப் பேச யாரும் இல்ல."

"பொண்டாட்டி ஓடிப்பூட்ட மாதிரி இல்ல நிக்கிறான்" என்றார் பின்னால் ஒரு பெண். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அவர் மனைவி சிரிக்கவில்லை.

"உனக்குத் தொணை வோணும்னு இவரு காதப் புடுங்கிக்கினியா? எங்கொரலக் கேட்டு எத்தினி நாளாவுது தெரியுமா இவரு? நான் இவர சோம்பேறின்னு திட்டிகினு கீறேன். ஊட்டுக்குப் போ. உன் படிப்பையும் எடுத்துக்கினு போ."

அண்ணன் கடலைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டார். நான் பஸ்ஸுக்கு நடந்தேன்.

மறுநாள் நடந்ததை எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டுச் செயலாளரிடம் கொடுத்தேன். அறிவிப்பு அவருக்கு எட்டாதது என் குற்றம், அதற்காக அவரைத் தண்டிக்கக் கூடாது என்று முடித்திருந்தேன். செயலாளர் இரண்டு முறை படித்தார்.

"இத மேல குடுத்தா சங்கத்த காறித் துப்புவான். உனக்கு இன்னா பைத்தியமா?"

"குடுங்க."

"அன்னிக்கு நான் கேட்டப்ப வாயில இன்னா வச்சிருந்த?"

 ஆனாலும் கடிதத்தை அவர் நிர்வாகத்திடம் கொடுத்தார், அதைச் சொல்ல வேண்டும். கெடு முடிந்தது முடிந்ததுதான் என்று நிர்வாகம் பதில் எழுதியது. என்னைச் செய்தித்தாளிலிருந்து எடுத்தார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை. அண்ணன் விஷயத்தில் வேலை நிறுத்தம்வரை போகலாம் என்று செயலாளர் சொல்லிக்கொண்டிருந்தார். அதற்குள் நெருக்கடி நிலை வந்துவிட்டது. கேட் கூட்டமே கூடாது என்றார்கள். சிமெண்டு மேடை சும்மா கிடந்தது.

அண்ணனுடைய தம்பி மூலமாகச் சொல்லி அனுப்பி, அவரைச் சென்னையில் ஒரு காது டாக்டரிடம் அழைத்துப் போனேன். தம்பி கூட வந்ததால்தான் அவர் வந்தார். பஸ்ஸில் தம்பிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டார். டாக்டர் சோதித்துவிட்டு என்னிடம் சொன்னார்: "இவ்வளவு சேதம் ஆகறதுக்கு முன்னாடியே சத்தத்திலேருந்து வெளியே எடுத்திருக்கணும். இப்ப மெஷின் வச்சா இரைச்சல்தான் கேக்கும், பேச்சு பிரியாது." அந்த வாக்கியத்தை நான் தம்பியிடம் மாற்றாமல் சொன்னேன். அவர் அண்ணனுக்குக் கையால் ஏதோ காட்டினார். அண்ணன் தலையை மட்டும் ஆட்டினார்.

நெருக்கடி நிலை முடிந்த பிறகு புதிய ஒப்பந்தத்துக்குப் பேச்சு நடந்தது. நான் சங்கத்தில் எந்தப் பொறுப்பிலும் இல்லை. ஆனால் ஒவ்வொரு கூட்டத்திலும் எழுந்து இரண்டு விஷயம் கேட்டேன். பெயர் கொடுக்கச் சொல்லாமல் ரிவிட் ஷெட்டில் எல்லோருக்கும் வருஷத்துக்கு ஒருமுறை காதுச் சோதனை வேண்டும். கெடுவினால் விடுபட்டவர்களைத் திரும்ப எடுக்க வேண்டும். நான் எழுந்தாலே, "வந்துட்டாருடா காது டாக்டரு" என்று பின்னாலிருந்து கத்துவார்கள். கத்தட்டும் என்று நின்றேன். இரண்டும் ஷரத்தில் வந்தன. இரண்டாவதில் ஒரு வெட்டு இருந்தது. பழைய சர்வீஸ் போனது போனதுதான், புது ஆளாகத்தான் எடுப்பார்கள்.

அண்ணன் வந்தார். நான் எதிர்பார்க்கவில்லை. அவர் மனைவிதான் அனுப்பினார் என்று பிறகு கேள்விப்பட்டேன். பெட்டி கட்டும் பிரிவில் சேர்த்தார்கள். அவருக்குப் பிறகு சேர்ந்தவர்கள்கூட அவருக்கு மூத்தவர்களாகிவிட்டார்கள்.

அப்போது சாப்பாட்டு நேரம் எல்லாப் பிரிவுக்கும் ஒன்றாகியிருந்தது. முதல் நாள் கேன்டீனில் அவரைத் தேடினேன். பெட்டி கட்டும் பிரிவில் ஏற்கெனவே மாறிப் போன ஒன்பது பேரும் ஒரே மேஜையில் உட்காருவார்கள். சில வருஷம் சேர்ந்தே இருந்ததில் அவர்களுக்குள் ஒரு கைப்பேச்சு வந்துவிட்டிருந்தது. யாரும் கற்றுக்கொடுத்தது இல்லை. மூக்கைத் தொட்டால் போர்மன், வயிற்றில் வட்டம் போட்டால் செயலாளர் என்கிற அளவு மட்டும் எனக்குத் தெரிந்தது. மற்றது எதுவும் புரியாது. அண்ணனை நடுவில் உட்காரவைத்து எல்லோரும் ஒரே சமயத்தில் கைகளை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். அவருக்கும் பாதி புரியவில்லை, தப்பாக ஏதோ காட்டினார் போலிருக்கிறது. சிரிப்பில் மேஜையே குலுங்கியது.

நான் அவருக்குக் கிடைக்காமல் செய்தது வேலைப் பாதுகாப்பும் கருவியும்தான் என்று அதுவரை கணக்கு வைத்திருந்தேன். இந்த மேஜை என் கணக்கில் இல்லை.

ஓய்வு பெறும்வரை அவர் அந்த மேஜையில்தான் சாப்பிட்டார். என்னை எதிரில் கண்டால் தலையசைப்பார். அதற்கு மேல் ஒன்றுமில்லை. நான் சன்னல் ஓரத்தில் உட்கார்ந்து சாப்பிடுவேன். சில நாள் அவர்கள் எல்லோரும் ஒரேயடியாகச் சிரிப்பார்கள். எதற்கு என்று சொல்ல எனக்கு அங்கே யாரும் இல்லை.